டெய்லரிலிருந்து லைன் சூப்பர்வைசர்: முதல் மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசர் ஆகிறவர்களில் பலர் மெஷினிலிருந்து எழுந்தவர்கள். ஐந்தாறு வருடம் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்ற தையல் மெஷின்களில் ஒன்றை ஓட்டியிருப்பார்கள். கை வேகமும் தையல் சுத்தமும் இருப்பவரைப் பார்த்து, "நாளையிலிருந்து மூணாவது லைனை நீங்க பாத்துக்குங்க" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்லிவிடுவார். தனியாகப் பயிற்சி எதுவும் பல இடங்களில் கிடையாது. நேற்றுவரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்து சேர்ந்து டீ குடித்தவர்களிடம் இன்று கணக்குக் கேட்க வேண்டியிருக்கும். முதல் மூன்று மாதத்தில் எதை, எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம். ரவுண்ட் நெக் டீ‌-ஷர்ட் தைக்கும் ஒரு எக்ஸ்போர்ட் லைனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டிருக்கிறோம். வேறு ஸ்டைல் ஓட்டுகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

சரி என்று சொல்வதற்கு முன்

சம்பளத்தைத் தெளிவாகக் கேளுங்கள். ஷிப்ட் கணக்கிலோ பீஸ் ரேட்டிலோ வேலை செய்யும் நல்ல டெய்லர், சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டி வாங்கும் தொகை, சூப்பர்வைசரின் மாதச் சம்பளத்தைவிட அதிகமாக இருப்பதுண்டு. மாதச் சம்பளத்துக்கு மாறினால் இரவு எட்டரை வரை நிற்கும் நாட்களுக்குத் தனியாகக் காசு உண்டா, சனிக்கிழமை வாரச் சம்பளம் நின்றுபோய் மாதம் ஒருமுறை வந்தால் வீட்டுச் செலவு தாங்குமா என்பதையெல்லாம் பதவி ஏற்ற பிறகு பேச முடியாது. எந்த லைன், எத்தனை மெஷின், யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், சரிப்படாவிட்டால் பழைய வேலைக்கு அதே ரேட்டில் திரும்ப முடியுமா என்பதையும் கேளுங்கள். முடிந்தால் பழைய சூப்பர்வைசருடன் இரண்டு வாரம் சேர்ந்து நிற்கக் கேட்பது நல்லது. ஒரு ஸ்டைல் இறங்கி முடியும் வரையாவது கூட இருந்து பார்க்க வேண்டும்.

வேலை எங்கே மாறுகிறது

டெய்லராக இருந்தபோது உங்கள் கையில் வந்த பீஸ்தான் உங்கள் வேலை. இப்போது பதினைந்து பேருடைய கை நிற்காமல் ஓடுவது உங்கள் வேலை. நூல், லேபிள், கட் பீஸ், ஊசி, மெக்கானிக், வெளிச்சம், ஒரு சந்தேகத்துக்குப் பதில் என்று இவற்றில் எது தாமதமானாலும் ஒரு கை நின்றுவிடும். அது நிற்பதற்கு முன்பே அங்கே போய்ச் சேருகிறவர்தான் நல்ல சூப்பர்வைசர்.

புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறும் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஆள் வரவில்லை என்றவுடன் அந்த மெஷினில் தாங்களே உட்கார்ந்துவிடுவார்கள். தைக்கத் தெரிந்தவருக்குத் தைப்பதுதான் நிம்மதி, பார்ப்பவர்களும் "பாவம், எப்படி உழைக்கிறார்" என்பார்கள். ஆனால் நீங்கள் குனிந்து தைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் லைனின் கடைசியில் பாட்டம் மடிப்பில் தையல் விட்டுப்போவதைக் கவனிக்க ஆள் இல்லை. அடுத்த பண்டலுக்கு (வெட்டிய துண்டுகளின் கட்டு) வாஷ்கேர் லேபிள் தீர்ந்துபோனதும் உங்களுக்குத் தெரியாது. மெஷினில் உட்காரலாம், ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தேங்கிய பண்டலை நகர்த்தவோ, ஒருவருக்குச் செய்து காட்டவோ உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஆளை மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய டார்கெட்டைக் குறைத்துச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம்: பேச்சு

முதல் நாள் காலை பெரிய அறிவிப்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரிடமும் அவருடைய மெஷின் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். என்ன ஆபரேஷன் நன்றாக வரும், வேறு என்ன தெரியும், மெஷினில் என்ன தொந்தரவு, மாலை எத்தனை மணிக்கு வேன் அல்லது பஸ் என்ற நான்கு கேள்விகள் போதும். பதில்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் மெஷின் தொந்தரவு என்று சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் சரிசெய்து கொடுங்கள். பெடல் இறுகியிருக்கிறது, லைட் எரியவில்லை என்பது போலச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சொன்னால் நடக்கிறது என்ற நம்பிக்கை அப்படித்தான் பிறக்கும்.

அழைக்கும் முறையை மாற்றாதீர்கள். நேற்று அக்கா என்று கூப்பிட்டவரை இன்றும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வயதில் சின்னவர்களையும் "ங்க" போட்டுப் பேசுவது கொங்கு நாட்டில் யாருக்கும் குறைச்சல் இல்லை. பேரைச் சொல்லி லைன் கேட்கக் கத்துவது, பீஸைத் தூக்கி எறிவது, "வீட்டுக்குப் போ" என்பது ஆகிய மூன்றையும் முதல் நாளே விலக்கிவிட வேண்டும். இவற்றைச் செய்யும் சூப்பர்வைசருக்கு அன்றைக்குப் பத்துப் பீஸ் கூட வரலாம். அடுத்த வாரம் இரண்டு டெய்லர்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருப்பார்கள்.

தவறைச் சொல்லும்போது பீஸைக் காட்டிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். "எத்தனை தடவ சொல்றது, கண்ணு தெரியலையா" என்றால் கேட்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, இந்த நாலு பீஸ்லயும் ரிப் ஜாயின்ட் முன்பக்கம் வந்துருச்சுங்க. பின்னாடி, எடது தோள் தையல்ல இருந்து ஒரு இஞ்ச் தள்ளி வரோணும். ஒண்ணு தெச்சுக் காட்டுங்க்கா." (ரிப் என்பது கழுத்தைச் சுற்றித் தைக்கும் பின்னல் பட்டி.) எத்தனை பீஸ், எங்கே தவறு, எப்படி வர வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. அவர் தைத்த அடுத்த பீஸைப் பார்த்துவிட்டு நகருங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

பழைய நண்பர்கள் விஷயம் சங்கடமானது, ஆனால் தவிர்க்க முடியாதது. பாரபட்சம் பெரிய விஷயங்களில் வெளிப்படுவதில்லை. நல்ல மெஷின் யாருக்கு, சுலபமான ஆபரேஷன் யாருக்கு, சனிக்கிழமை சீக்கிரம் கிளம்ப யாருக்கு அனுமதி, ஃபேனுக்குக் கீழே யார் என்பதில்தான் லைன் உங்களை எடைபோடும். இந்த நான்கிலும் உங்கள் நண்பருக்குக் கடைசி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வது முதல் மாதத்தில் நல்லது, அதை அவரிடமே சொல்லிவிடலாம். லைனில் இருப்பவர்களிடம் கைமாற்று வாங்குவது, கொடுப்பது, சீட்டுப் பிடிப்பது மூன்றையும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே சீட்டு நடத்திக்கொண்டிருந்தால் முடித்து வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள். பணம் தர வேண்டியவரிடம் ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய) பீஸைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள் லைனில் இருந்தால் அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரே ஒருவரை மொழிபெயர்ப்பாளராக நிரந்தரமாக வைக்காதீர்கள். கொஞ்ச நாளில் லீவும் ஓவர்டைமும் அவர் வழியாகத்தான் என்று ஆகிவிடும், மற்றவர்களுக்கு என்ன குறை என்பது உங்கள் காதுக்கு வராது. சுயி என்றால் ஊசி, தாகா என்றால் நூல், ருகோ என்றால் நிறுத்து, கித்னா என்றால் எத்தனை, சுட்டி என்றால் லீவு. இப்படி இருபது சொல் போதும், மீதியைப் பீஸ் பேசும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று மெஷினுக்கு மேலே தொங்கட்டும்.

காலை முதல் ஒரு மணி நேரம்

பெல் அடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் லைனில் இருக்க வேண்டும். முதலில் கட் பீஸ் ஸ்டாக்: மதியம் வரைக்குமாவது போதுமான பண்டல் லைனுக்கு வந்திருக்கிறதா, சைஸ் வரிசை சரியா என்று பாருங்கள். அடுத்து நூல், ரிப், லேபிள், டேப். பிறகு மெஷின்கள். எண்ணெய் போட்ட மெஷினில் முதலில் வேஸ்ட் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுங்கள். காலை முதல் பண்டலில் எண்ணெய்க் கறை வருவது பெரும்பாலும் இதைத் தவறவிட்டதால்தான்.

பெல் அடித்ததும் யார் வரவில்லை என்று எண்ணி, பத்து நிமிடத்துக்குள் ஆளை மாற்றி உட்கார வையுங்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்று இருக்கும் ஊரில் திங்கட்கிழமை ஆள் குறைவது சகஜம். அதனால் திங்கட்கிழமைக்கான மாற்று ஏற்பாட்டைச் சனிக்கிழமை மாலையே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரு அட்டவணை தேவை. இடது பக்கம் பெயர்கள், மேலே ஆபரேஷன்கள். தெரியாது என்றால் காலி, மெதுவாக வரும் என்றால் ஒரு கோடு, வேகத்துக்கு வரும் என்றால் இரண்டு கோடு. நெக் ரிப் ஏற்றுவது, ஸ்லீவ் ஏற்றுவது, பாட்டம் மடிப்பு ஆகிய மூன்றுக்கும் இரண்டு கோடு வாங்கியவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் லைனுக்கே காய்ச்சல்தான். வேலை குறைவாக இருக்கும் நாளில் தினம் அரை மணி நேரம் ஒருவருக்கு ஒரு புது ஆபரேஷன் பழக்குங்கள். கற்றுக்கொடுக்கும் மூத்த டெய்லருக்கு அந்த அரை மணிக்கான பீஸ் கணக்கில் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தால் யாரும் யாருக்கும் கற்றுத்தர மாட்டார்கள், அவர்கள் மேல் குற்றமும் இல்லை.

டார்கெட் எப்படி வருகிறது

ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட் கொடுக்கும் எண்ணை அப்படியே போர்டில் எழுதுவதற்கு முன், அது எப்படி வந்தது என்று உங்களுக்குப் போடத் தெரிய வேண்டும். ஒரு பீஸுக்கான மொத்தத் தையல் நேரத்தை எஸ்.ஏ.எம். என்பார்கள். நம் டீ-ஷர்ட்டுக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். லைனில் 15 டெய்லர்கள், ஒரு ஷிப்டுக்கு 480 நிமிடம். 15 × 480 = 7,200 நிமிடம். அதை 6 ஆல் வகுத்தால் 1,200 பீஸ். இது நூறு சதவீத எஃபிஷியன்ஸி. லைன் 60 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் 720 பீஸ், மணிக்கு 90. அதாவது ஒவ்வொரு 40 விநாடிக்கும் லைன் கடைசியில் ஒரு பீஸ் விழ வேண்டும்.

இந்த 40 விநாடியைக் கையில் வைத்துக்கொண்டு செல்போன் ஸ்டாப்வாட்சுடன் லைனில் நடங்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்து பீஸ் அளந்து சராசரி எடுங்கள். எடுப்பது, வைப்பது, நூல் வெட்டுவது எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். எதற்காக அளக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் அளந்தால் ரேட் குறைக்கத்தான் என்று நினைத்து வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பார்கள்.

ஷோல்டர் ஓவர்லாக் 22 விநாடி, சைடு 30 விநாடி, ஸ்லீவ் ஏற்றுவது ஒருவர் மட்டும், 50 விநாடி என்று வருகிறது என்று வைப்போம். ஸ்லீவில் மணிக்கு 3,600 ÷ 50 = 72 பீஸ்தான் வரும். மற்ற எல்லோரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைன் 72-ஐத் தாண்டாது. சைடு தைப்பவரைப் போய் "வேகமா, வேகமா" என்பதில் ஒரு பலனும் இல்லை. அவர் ஸ்லீவுக்காகக் காத்திருக்கிறார். இப்போது ஷோல்டரைப் பாருங்கள். 90 பீஸுக்கு 90 × 22 = 1,980 விநாடி, அதாவது 33 நிமிடம். மணிக்கு 27 நிமிடம் அவருக்கு மிச்சம். ஸ்லீவில் குறையும் 18 பீஸுக்குத் தேவை 18 × 50 = 900 விநாடி, 15 நிமிடம். இரண்டும் ஓவர்லாக் மெஷின் வேலைதான். ஷோல்டர்காரருக்கு ஒவ்வொரு மணியிலும் ஒரு பண்டல் ஸ்லீவைக் கொடுத்தால் லைன் 90-ஐத் தொட்டுவிடும். புது ஆளும் வேண்டாம், கத்தலும் வேண்டாம். ஆனால் அவருக்கு ஸ்லீவ் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையின் அருமை இங்கேதான் தெரியும். ஷோல்டர்காரர் செய்யும் இந்தக் கூடுதல் வேலையை அவர் கணக்கில் எழுதுவதையும் மறக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் ஒன்றிரண்டு பண்டலுக்கு மேல் தேங்க விடாதீர்கள். பண்டலுக்கு 20 பீஸ் என்றால் ஐந்து பண்டல் தேங்கினால் 100 பீஸ், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. முதல் ஆபரேஷனில் நடந்த தவறு கடைசிச் செக்கிங்கில் தெரியும்போது அந்த நூறும் கெட்டிருக்கும். நிறைய தேங்கியிருப்பதைப் பார்த்து "வேலை இருக்கிறது" என்று திருப்திப்படுவது புதியவர்களின் வழக்கம். உண்மையில் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும்.

மணிக்கொருமுறை போர்டில் எண்ணை எழுதும்போது உள்ளதை மட்டும் எழுதுங்கள். பத்து மணிக்குக் குறைந்ததைப் பதினொரு மணிக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூட்டி எழுதுவது பழக்கமாகிவிட்டால், மாலையில் பேக்கிங் எண்ணிக்கையோடு ஒத்துவராது. லைனில் நிஜமாக என்ன தடை என்பதும் யாருக்கும் தெரியாமல் போகும். எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். நூல் வராமல் 6 பேர் 20 நிமிடம் நின்றால் 120 ஆள்-நிமிடம். 60 சதவீதத்தில் ஒரு பீஸுக்கு 10 நிமிடம் செலவாகிறது, ஆக 12 பீஸ் போய்விட்டது. மாலை மீட்டிங்கில் "டெய்லர்கள் சரியில்லை" என்று யாராவது சொன்னால் இந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

ஸ்டைல் மாறும் நாள்

மாதத்திலேயே கஷ்டமான நாள் இதுதான். பழைய ஸ்டைலின் கடைசிப் பண்டல்கள் முன்வரிசையைத் தாண்டிய உடனே அங்கே புது ஸ்டைலை இறக்க வேண்டும். லைன் முழுவதும் காலியாகட்டும் என்று காத்திருந்தால் பாதி நாள் போய்விடும். முந்தின நாளே இவை கையில் இருக்க வேண்டும்: பையர் அப்ரூவல் சாம்பிள், மெஷர்மென்ட் சார்ட், டிரிம் கார்டு (லேபிள், நூல் போன்றவற்றின் மாதிரி ஒட்டிய அட்டை), ஆபரேஷன் வரிசை, எந்த மெஷின் எங்கே என்ற லேஅவுட், ஃபோல்டர் மற்றும் அட்டாச்மென்ட்கள். அப்ரூவல் சாம்பிளை உள்ளும் புறமும் திருப்பி, இஞ்சுக்கு எத்தனை தையல், லேபிள் எந்தப் பக்கம், மடிப்பு எவ்வளவு அகலம் என்று நீங்களே எழுதுங்கள். சார்ட்டில் ஒன்றும் சாம்பிளில் வேறொன்றும் இருந்தால் அதை அப்போதே பையரோடு பேசும் மெர்ச்சன்டைசரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது சிக்கல் வரும்போது யாருக்கும் நினைவில் இருக்காது.

முதலில் ஒரு பண்டல் மட்டும் விடுங்கள். ஒவ்வொரு டெய்லரின் முதல் பீஸையும் பார்த்து, கடைசியில் விழும் முதல் முழு டீ-ஷர்ட்டை டேபிளில் போட்டு அளந்து, குவாலிட்டி ஆள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த பண்டல்கள். இந்த ஒரு மணி நேரத்தில் மேலிருந்து அழுத்தம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். புது ஸ்டைலின் முதல் நாளில் எஃபிஷியன்ஸி பாதியாக விழுவது இயல்பு, மூன்று நான்கு நாளில் கை பழகி ஏறும். முதல் நாளுக்கும் நாலாவது நாளுக்கும் ஒரே டார்கெட்டை எழுதக் கூடாது என்பதை மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குவாலிட்டியை லைனுக்குள்ளேயே பிடிப்பது

செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காமார் தவறைக் கண்டுபிடிப்பவர்கள், அவர்களால் தவறைத் தடுக்க முடியாது. ஒரு நாளைக்கு நான்கு சுற்றாவது ஒவ்வொரு மெஷினிலும் ஏழு பீஸ் எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் மெஷினை நிறுத்தி, அந்தப் பண்டல் முழுவதையும் பார்க்க வேண்டும். செக்கிங்கில் 200 பீஸ் பார்த்து 14 குறை வந்தால் நூற்றுக்கு 7. மொத்த எண்ணைவிட அந்த 14 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். ஒன்பது ஒரே மெஷினிலிருந்து வந்திருக்கும்.

அடிக்கடி வருபவை சில. நெக் ரிப்பை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தளர்த்தித் தைத்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ரிப்பிலும் பாடியிலும் நான்கு இடத்தில் குறியிட்டு, குறிக்குக் குறி சேர்த்துத் தைத்தால் சரியாகும். பாட்டம் பேட்லாக்கில் தையல் விட்டுப்போனால் முதலில் ஊசி வளைந்திருக்கிறதா, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் லூப்பர் (அடி நூலைக் கோக்கும் கொக்கி) டைமிங்குக்கு மெக்கானிக். தையல் அருகே சின்னச் சின்ன ஓட்டை என்றால் ஊசி முனை மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் பின்னலாடைக்கான பால் பாயின்ட் ஊசிக்குப் பதில் கூர்முனை ஊசி போட்டிருப்பார்கள். ஓரம் அலை அலையாக வந்தால், துணியை முன்னும் பின்னும் வேறு வேகத்தில் நகர்த்தும் டிஃபரென்ஷியல் ஃபீடைச் சரிசெய்ய வேண்டும். ஒரே சட்டையில் கை ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமும் தெரிந்தால் அது டையிங் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, பண்டல் நம்பர் மாறிச் சேர்ந்திருக்கலாம். ஹெல்பர் ஸ்டிக்கர் நம்பரைப் பார்த்துத்தான் ஸ்லீவை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் என்ன நடக்கிறது என்று டெய்லர்களுக்கும் சொல்லுங்கள். 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டுக்கு, ஏ.கியூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால், வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 7 குறை வரை பாஸ், எட்டாவது வந்தால் லாட் முழுவதும் ஃபெயில். மூவாயிரம் பீஸின் தலைவிதி எட்டாவது குறையில் இருக்கிறது என்று தெரிந்தவர், பிசிறு வெட்டுவதைக்கூட வேறு மாதிரி செய்வார்.

ஊசி

ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினில் இருந்த பண்டலைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டருக்கு அனுப்புங்கள். அது குழந்தைகள் உடையாக இருந்தால் இன்னும் கவனம். ஊசி உடைத்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார், துண்டு ஒரு குழந்தையின் கழுத்தில் போய் நிற்கும்.

விரலில் ஊசி ஏறினால் முதலில் மெஷின் சுவிட்சை அணையுங்கள். முனை உள்ளே உடைந்திருக்கலாம் என்பதால், வெளியே வந்த துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்து, ஆளை ஒருவர் துணையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். "சின்னக் காயம்தானே" என்று பஞ்சு சுற்றி மறுபடி உட்கார வைப்பது, பிறகு இ.எஸ்.ஐ.யில் வேலைக் காயத்துக்கான உதவியை அவர் கேட்கும்போது அவர் கையைக் கட்டிவிடும்.

லீவும் ஓவர்டைமும்

லீவுக்கு ஒரே விதி வையுங்கள்: முன்கூட்டியே சொன்னால் முடிந்தவரை கிடைக்கும், ஒரே ஆபரேஷனில் ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கிடையாது. காய்ச்சலுக்கும் குழந்தைக்கும் கேட்டால் கேள்வி கேட்காமல் அனுப்புங்கள். பாத்ரூம் போக டோக்கன், நேரக் கணக்கு என்பதெல்லாம் உங்கள் லைனில் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்துச் சிறுநீர்த் தொற்றோடு லீவு போடுகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

ஓவர்டைம் இருப்பது தெரிந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்குச் சொன்னால் பால்வாடியில் பிள்ளையை விட்டுவந்தவர் என்ன செய்வார்? வர முடியாது என்பவரை வற்புறுத்தக் கூடாது. சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதற்கு மேல் போனால் இரட்டிப்பு ஊதியம். நீங்கள் எழுதும் நேரம்தான் அவர்கள் சம்பளத்துக்கு ஆதாரம். அதனால் நேரத்தைக் குறைத்து எழுதச் சொல்லி யார் கேட்டாலும் எழுதாதீர்கள். இரவில் பெண்கள் கிளம்பும்போது வேன் வந்துவிட்டதா, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் உங்கள் நாள் முடிகிறது.

பெண்களின் பாதுகாப்பு

லைனில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய டார்கெட்டும் லீவும் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தையைக்கூட அவர்களால் எளிதில் எதிர்க்க முடியாது. தொட்டுக் காட்டாதீர்கள். பீஸைக் கையில் வாங்கிக் காட்டுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் போன், மெசேஜ் வேண்டாம். தகவல் இருந்தால் லைன் குரூப்பில் போடுங்கள்.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கும். ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால் உங்கள் வேலை மூன்றுதான்: குறுக்கிடாமல் கேட்பது, குழு உறுப்பினரின் பெயரையும் நம்பரையும் கொடுத்து, எழுதத் தெரியாவிட்டால் எழுத ஆள் ஏற்பாடு செய்வது, வெளியே யாரிடமும் பேசாமல் இருப்பது. இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துச் சமாதானம் பேசாதீர்கள், அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் இளம்பெண் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு சூப்பர்வைசர். அதைத் தொடர்ந்து பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் நிறுவனமும் 2022 ஏப்ரலில் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம், தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் கம்பெனியில் அப்படி யாராவது இருந்தால் அவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் காதுக்கு வராததை முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான்.

மேலே பேசுவது

மேனேஜர் கேட்கும் எண் நடக்காது என்றால் "முடியாது சார்" என்று நிறுத்தாதீர்கள், "பாத்துக்கலாம் சார்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அதை நம்பி ஷிப்மென்ட் தேதி கொடுத்துவிடுவார்கள். கணக்கோடு சொல்லுங்கள்: "சார், ஸ்லீவ்ல மணிக்கு 72 தான் வருது. ஷோல்டர்ல இருந்து உதவி எடுத்தா 90 வரும். 110 வேணும்னா பாட்டத்துக்கு இன்னொரு பேட்லாக்கும் ஸ்லீவுக்கு ஒரு ஆளும் வேணும்." மோசமான செய்தியை மாலை வரை வைத்திருக்காதீர்கள். காலை பதினொரு மணிக்குச் சொன்னால் ஏதாவது செய்ய முடியும். மேலே வாங்கிய திட்டை அப்படியே லைனில் இறக்குவதும் கூடாது. டெய்லர்களுக்குத் தேவை என்ன மாற வேண்டும் என்ற செய்தி மட்டும்.

மூன்றாவது மாதம்

இதற்குள் எங்கே தேங்குகிறது என்பது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய ஆரம்பிக்கும். இப்போது உங்களுக்கு ஒரு மாற்று ஆளைத் தயார் செய்யுங்கள். மிக வேகமாகத் தைப்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்து மெஷினில் நூல் அறுந்தால் யார் திரும்பிப் பார்க்கிறாரோ, சண்டை வந்தால் யாரிடம் மற்றவர்கள் போய்ச் சொல்கிறார்களோ அவரைப் பாருங்கள். ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். லைன் முழுவதும் பெண்கள் இருக்க, சூப்பர்வைசர் மட்டும் ஆண் என்பது பல கம்பெனிகளில் காரணமில்லாமல் தொடர்கிறது. முதல் வாரம் மணிக்கொரு போர்டு எழுதுவதை அவரிடம் கொடுங்கள், இரண்டாவது வாரம் காலை பண்டல் ஃபீடிங், மூன்றாவது வாரம் ஆள் மாற்றிப் போடுவது. அந்த நேரத்துக்கான கூலி அவருக்குக் குறையாமல் மேனேஜரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நான்காவது வாரம் ஒரு நாள் நீங்கள் லீவு போட்டுப் பாருங்கள். மறுநாள் போர்டில் எந்த மணியில் எண் குறைந்திருக்கிறதோ, அவருக்கு அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது அங்கே தெரியும்.